காந்தம் ஒட்டலன்னா அது 304 ஆயிடாது: கடலோர வீட்டு எஸ்.எஸ் கேட்டுல துரு ஏன்?

கேள்வி: சார் வணக்கம். எங்க வீடு சென்னை பாலவாக்கத்துல, பீச்சுக்கு அரை கிலோமீட்டருக்கும் உள்ள. போன வருஷம் வீடு கட்டினப்ப கேட், மாடிப்படி கைப்பிடி, பால்கனி கிரில் எல்லாமே எஸ்.எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) 304ங்கற வகையில போட்டோம். துருவே பிடிக்காதுன்னு சொன்னாங்க, இரும்புக்கு ஆகறதை விட நிறைய செலவாச்சு. ஒரு வருஷம் கூட ஆகல, அங்கங்க பழுப்புப் புள்ளி, கைப்பிடிக்கு அடியில கறை. கேட் போட்டவரைக் கூப்பிட்டா காந்தத்தை வச்சுக் காட்டி, பாருங்க ஒட்டல, ஒரிஜினல் 304தான், கடல் காத்துக்கு நான் என்ன பண்ண முடியும்னு போயிட்டார். எங்க மாமனார் இரும்பே போட்டு பெயிண்ட் அடிச்சிருக்கலாம்னு தினமும் சொல்றார். ஏமாந்துட்டோமா? எல்லாத்தையும் மாத்தணுமா?

பதில்:

எதையும் கழட்ட அவசரப்படாதீங்க. உங்க கேள்வியில மூணு விஷயம் கலந்து கிடக்கு. போட்டது 304தானா, 304ஆவே இருந்தாலும் கடலுக்கு இவ்வளவு பக்கத்துல தாங்குமா, வெல்டிங்கும் பாலிஷும் ஒழுங்கா பண்ணாங்களா. துரு எந்த இடத்துல வந்திருக்குன்னு பாத்தாலே பாதி பதில் கிடைச்சிடும், மீதிக்குத்தான் டெஸ்ட். அதுக்கு முன்னாடி அந்த காந்தத்தைப் பத்திப் பேசிடறேன், ஏன்னா எஸ்.எஸ் வியாபாரத்துல ஜனங்க அதிகமா ஏமாறறது இந்த ஒரு விஷயத்துலதான்.

எஸ்.எஸ்னு ஒரே பேர் சொல்றோமே தவிர அதுல ஏகப்பட்ட வகை. இரும்புல குறைஞ்சது 10.5 சதவீதம் குரோமியம் கலந்தா, அந்தக் குரோமியம் காத்துல இருக்கிற ஆக்சிஜனோட சேந்து மேல கண்ணுக்கே தெரியாத ஒரு படலமா உக்காந்துக்கும், கீறல் விழுந்தாலும் தானா மூடிக்கும், துரு பிடிக்காம காப்பாத்தறது அந்தப் படலம்தான். 304ல குரோமியம் 18லேர்ந்து 20 சதவீதம், நிக்கல் 8லேர்ந்து 10.5. 202ல குரோமியம் 17லேர்ந்து 19, நிக்கல் 4லேர்ந்து 6தான், குறைச்ச நிக்கலுக்கு ஈடா மாங்கனீஸை 7.5லேர்ந்து 10 சதவீதம் வரைக்கும் ஏத்தி கூட கொஞ்சம் நைட்ரஜனும் சேப்பாங்க. ஜே4னு இன்னொண்ணு மார்க்கெட்ல ஓடுது, அதுல நிக்கல் ஏறக்குறைய 1 சதவீதம்தான், குரோமியமும் 15, 16 பக்கத்துலதான் நிக்கும். இப்ப விஷயம் என்னன்னா, காந்தம் ஒட்டாத மாதிரி உள்கட்டமைப்பை மாத்தற வேலையை நிக்கலும் செய்யும், மாங்கனீஸும் நைட்ரஜனும் சேந்தும் செய்யும். அதனால 304லயும் காந்தம் ஒட்டாது, 202லயும் ஒட்டாது, ஜே4லயும் ஒட்டாது. உங்க கேட்காரர் காட்டின டெஸ்ட்ல தெரிஞ்சது ஒண்ணே ஒண்ணு, அது சாதா இரும்பும் இல்ல, நிக்கலே இல்லாத 430 வகையும் இல்ல. 304தான்னு சொல்ல அது ஆதாரமே கிடையாது, இந்தத் தொழில்ல இருக்கிற யாருக்கும் இது தெரியாம இருக்க வாய்ப்பே இல்ல.

இதுக்கு நேர் எதிரான தப்பும் நடக்குது, அதையும் சொல்லியே ஆகணும், ஏன்னா இதுல பாவம் நேர்மையான வெல்டருங்க மாட்டிக்கறாங்க. சுத்தமான 304லயே சில இடத்துல காந்தம் லேசா இழுக்கும். பைப்பை வளைச்ச இடம், ஷீட்டை மடிச்ச ஓரம், ட்ரில் போட்ட ஓட்டையைச் சுத்தி, இங்கெல்லாம் உலோகம் அழுத்தப்பட்டு உள்கட்டமைப்பு கொஞ்சம் மாறிடும், மாறின பகுதி காந்தத்துக்கு ஒட்டும். வெல்டிங் வச்ச இடத்துலயும் அதே மாதிரி, உருகி உறையறப்ப வெடிப்பு விழாம இருக்கணும்னு வெல்டிங் கம்பியோட கலவையையே அங்க கொஞ்சம் ஃபெரைட்ங்கற வேற உள்கட்டமைப்பு வர்ற மாதிரிதான் வச்சிருப்பாங்க, அதுவும் காந்தத்தை இழுக்கும். பைப்பே ஷீட்டைச் சுருட்டி வெல்ட் பண்ணதுதானே, அந்தத் தையல் நெடுக லேசா இழுக்கும். இதைப் பாத்துட்டு ‘காந்தம் ஒட்டுது, டூப்ளிகேட்’னு சண்டை போட்டுப் பணம் தராம நிறுத்தினவங்க இருக்காங்க. இன்னும் ஒண்ணு, 202ல மாங்கனீஸும் நைட்ரஜனும் இருக்கறதால வளைச்சாலும் அது அவ்வளவு சீக்கிரம் காந்தத்துக்கு ஒட்டறதில்ல. அதாவது காந்தத்தை மட்டும் நம்பினா சில சமயம் 202வை நல்லதுன்னும் 304ஐ மோசம்னும் முடிவு பண்ணிடுவீங்க. லேசான இழுப்பு வேற, சாதா இரும்புல ‘டக்’னு போய் ஒட்டிக்கறது வேற. பைப்போட நட்டநடுவுல, வளைவும் வெல்டிங்கும் இல்லாத இடத்துல டக்குனு ஒட்டினா மட்டும்தான் அது பிரச்சினை.

சரி, அப்ப எப்படிக் கண்டுபிடிக்கறது. ரெண்டு வழி இருக்கு. சின்ன வழி, எஸ்.எஸ் டெஸ்டிங் கெமிக்கல்னு ஒரு குட்டி பாட்டில் விக்கறாங்க, 9 வோல்ட் பேட்டரியோட சேத்து பயன்படுத்தற மாதிரி, துடைச்ச இடத்துல ஒரு சொட்டு விட்டு பேட்டரியைத் தொட்டா மாங்கனீஸ் அதிகமா இருக்கிற 200 சீரிஸ்ல, அதாவது 202, ஜே4 மாதிரி வகையில, சிவப்பு நிறம் வரும், 304ல வராது. இது கேள்வியை எழுப்பத்தான், சண்டைக்கு இது போதாது. பெரிய வழி எக்ஸ்.ஆர்.எஃப் கன். துப்பாக்கி மாதிரி இருக்கும், உலோகத்துல வச்சு அழுத்தினா சில நொடியில நிக்கல், குரோமியம், மாங்கனீஸ், மாலிப்டினம் எத்தனை சதவீதம்னு திரையில காட்டிடும், பைப்பை அறுக்க வேண்டாம், ஒரு கீறல் கூட விழாது. கிண்டி, அம்பத்தூர் பக்கம் என்.ஏ.பி.எல், அதாவது லேப்களுக்குத் தரச்சான்று தர்ற தேசிய அமைப்போட அங்கீகாரம் வாங்கின லேப்கள் இருக்கு, வீட்டுக்கே வந்து பண்ணித் தருவாங்களான்னு போன் பண்ணிக் கேளுங்க. அந்தக் கன் கார்பனை மட்டும் காட்டாது, உங்களுக்கு அது தேவையும் இல்ல. ரிப்போர்ட்ல நிக்கல் 8 சதவீதத்துக்குப் பக்கத்துல, மாங்கனீஸ் 2க்குள்ள இருந்தா 304. நிக்கல் 1, மாங்கனீஸ் 9னு வந்தா உங்ககிட்ட 304 பேரைச் சொல்லி வேற எதையோ வித்திருக்காங்க.

ஒரே இடத்துல மட்டும் டெஸ்ட் எடுத்துட்டு விட்டுடாதீங்க. கை படற மேல் பைப் 304, நடுவுல வர்ற குறுக்குக் கம்பியெல்லாம் 202, இப்படிக் கலந்து போடறது சர்வசாதாரணமா நடக்குது. கேட்டுல ஒரு இடம், கைப்பிடியில மேல் பைப், நடுக்கம்பி, பால்கனி கிரில்னு பிரிச்சுப் பிரிச்சு எடுக்கச் சொல்லுங்க. பைப் மேல ‘304’னு அச்சடிச்ச பிளாஸ்டிக் ஃபிலிம் ஒட்டி வந்துச்சேன்னு கேக்காதீங்க, அந்த ஃபிலிம் ரோல் ரோலா தனியா கிடைக்குது.

இப்ப துரு எங்க இருக்குன்னு போய்ப் பாருங்க.

வெல்டிங் வச்ச இடத்தைச் சுத்தி மட்டும் பழுப்புன்னா அது வேலையில இருக்கிற கோளாறு. வெல்டிங் சூட்டுல நீலமும் மஞ்சளுமா ஒரு நிறம் ஏறும், அந்த நிறத்துக்குக் கீழ குரோமியம் குறைஞ்சு போயிருக்கும், அதை பிக்லிங் பேஸ்ட்ங்கற ஆசிட் பசை போட்டோ நல்லா பாலிஷ் பண்ணியோ எடுத்தே ஆகணும், எடுக்காம மேலாக பஃபிங் மட்டும் அடிச்சு பளபளப்பாக்கிக் கொடுத்துட்டா சில மாசத்துல அங்கதான் முதல்ல துரு வரும். சின்னச் சின்னப் புள்ளியா எல்லா இடத்துலயும் தெளிச்ச மாதிரி இருந்தா பெரும்பாலும் அது வேற இரும்போட தூள். அதே பட்டறையில எம்.எஸ், அதாவது சாதா இரும்பு கேட்டும் அறுப்பாங்க, அதே கிரைண்டர் வீலை வச்சு உங்க எஸ்.எஸ்ஸையும் தேய்ப்பாங்க, சாதா இரும்புத் தூள் எஸ்.எஸ் மேல பதிஞ்சு அதுதான் துரு பிடிக்கும். எஸ்.எஸ்ஸுக்குத் தனி வீல், தனி பிரஷ் வைக்கணுங்கறது இந்தத் தொழிலோட அரிச்சுவடி, ஒரு வீல் விலைக்கு ஆசைப்பட்டு லட்ச ரூபா வேலையைக் கெடுக்கறாங்க, இதைக் கேக்க ஆளே இல்ல.

அடியில, அதாவது கைப்பிடி கம்பம் தரையில நிக்கற இடத்துல வட்டமா ஒரு மூடி இருக்கும் பாருங்க, அதுக்குள்ளேர்ந்து துரு வழிஞ்சு வந்திருந்தா மூடியை மேல தூக்கிப் பாருங்க. உள்ள எம்.எஸ் பிளேட்டும் சாதா ஆங்கர் போல்ட்டும் வச்சிருப்பாங்க, வழியறது அதோட துரு. கேட் கீலும் அதே கதைதான், ஸ்க்ரூவும் அப்படித்தான்.

உங்களை ஒண்ணு கேக்கணும். கேட்டும் கைப்பிடியும் போட்டதுக்கு அப்புறம் டைல்ஸை ஆசிட் ஊத்திக் கழுவினாங்களா? புது வீட்டுல பெயிண்ட் கறை, சிமெண்ட் கறை போக கடைசியா அதைத்தான் பண்ணுவாங்க. அது ஹைட்ரோகுளோரிக் ஆசிட், எஸ்.எஸ்ஸுக்கு அதை விட மோசமான எதிரி வீட்டுக்குள்ள கிடையாது, தெறிக்கக் கூட வேண்டாம், மூடின மாடிப்படியில ஆவி பட்டாலே புள்ளி விழுந்துடும். பிளீச்சிங் பவுடரும் அப்படித்தான். இது நடந்திருந்தா 304ஐயும் குறை சொல்ல முடியாது, கேட்காரரையும் குறை சொல்ல முடியாது.

சரி, டெஸ்ட்ல 304ன்னே வந்தாலும் உங்க வீட்டுக்கு அது சரியான தேர்வு இல்ல. கடல் காத்துல இருக்கிற உப்புதான், அதாவது குளோரைடு, அந்தப் பாதுகாப்புப் படலத்தைப் புள்ளி புள்ளியா ஓட்டை போடும். கடல் பக்கத்துக்குன்னு இருக்கறது 316. அதுல 2லேர்ந்து 3 சதவீதம் மாலிப்டினம் இருக்கு, குளோரைடைத் தாங்கறது அதுதான். பீச்சுல இருந்து அரை கிலோமீட்டருக்குள்ள வெளியில வைக்கிற எந்த எஸ்.எஸ் பொருளுக்கும் 316 இல்லாம வேலை கொடுக்காதீங்க, இதுல நான் யாருக்கும் சமாதானம் சொல்றதா இல்ல. பாலவாக்கம், நீலாங்கரை பக்கமெல்லாம் வேலை செய்யற ஒரு ஃபேப்ரிகேட்டருக்கு இது தெரியாம இருக்கக் கூடாது, தெரிஞ்சு சொல்லாம விட்டா அது அதை விடப் பெரிய தப்பு. வீட்டுக்குள்ள இருக்கிற மாடிப்படி கைப்பிடிக்கு 304 போதும். மதுரையிலயோ சேலத்துலயோ ஹால்ல வைக்கிற டேபிளுக்கு 202 கூட நல்லாவே உழைக்கும், 202 மட்டமான உலோகம்னு நான் சொல்லல, கொரியப் போர் சமயத்துல நிக்கல் தட்டுப்பாடு வந்தப்ப அதுக்கு மாற்றாத்தான் அந்த 200 சீரிஸே பெருசா புழக்கத்துக்கு வந்துச்சு. 202வை 202ன்னு சொல்லி 202 விலைக்கு வித்தா யாருக்கும் குறையில்ல.

இன்னொரு ஏமாத்து வேலையையும் சொல்லிடறேன், கேட்டை மாத்தறதா இருந்தா இதுல திரும்ப மாட்டுவீங்க. அடிக்கணக்குல, சதுர அடிக்கணக்குல ரேட் பேசறாங்களே, அங்கதான் கனத்துல கை வைப்பாங்க. ‘16 கேஜ் சார்’னு சொல்வாங்க, அது ஏறக்குறைய 1.6 மில்லிமீட்டர், கடையில பொதுவா 1.5ன்னு கிடைக்கும். வந்து இறங்கறது 1.2ஆ இருக்கும், சில சமயம் 1 மில்லிமீட்டர். ரெண்டு முனையும் மூடி வெல்டிங் வச்சதுக்கு அப்புறம் யார் அளக்க முடியும்? அதனால பைப் வந்து இறங்கற அன்னைக்கே எடை போடுங்க. கணக்கு ரொம்ப சுலபம். பைப்போட வெளி விட்டத்துல இருந்து கனத்தைக் கழிச்சு, அதைக் கனத்தால பெருக்கி, 0.0249ஆல பெருக்கினா ஒரு மீட்டருக்கு எத்தனை கிலோன்னு வரும், எல்லாம் மில்லிமீட்டர்ல. 2 இன்ச் வட்டப் பைப், அதாவது 50.8 மில்லிமீட்டர், 1.5 கனம்னா மீட்டருக்கு 1.84 கிலோ, 20 அடி பைப் 11.2 கிலோ இருக்கணும். 1.2 கனம்னா 9 கிலோ. 1 மில்லிமீட்டர்னா 7.5 கிலோ சொச்சம். 11 கிலோவுக்குக் காசு கொடுத்துட்டு ஏழரை கிலோ வாங்கறோம்னா மூணுல ஒரு பங்கு பணம் அப்படியே போகுது. கடலோரத்துல இது பணத்தோட முடியறதில்ல, மெல்லிசான பைப்புல புள்ளித் துரு உள்பக்கம் வரைக்கும் போய் ஓட்டையே விழுந்துடும். கிலோ கணக்குல ரேட் பேசுங்க, வெல்டிங் கூலியைத் தனியா பேசுங்க. ஒத்துக்காதவரை விட்டுட்டு அடுத்தவரைப் பாருங்க.

பில்லை எடுத்துப் பாருங்க. ‘எஸ்.எஸ் கேட் ஒரு செட்’னு மட்டும்தான் இருக்கும், இல்லன்னா பில்லே இருக்காது. வாட்ஸ்அப்ல வந்த கொட்டேஷன்ல 304னு இருந்தா அதை பத்திரமா வச்சுக்கங்க. மில் டெஸ்ட் சர்டிஃபிகேட்னு ஒரு ஜெராக்ஸைக் காட்டுவாங்க, அதுல ஹீட் நம்பர்னு, எந்தத் தொகுதியில உருக்கினதுன்னு சொல்ற எண் ஒண்ணு இருக்கும், அதே நம்பர் உங்க பைப்புல இருந்தாத்தான் அந்தத் தாளுக்கு மதிப்பு, இல்லன்னா ஒரே தாளை ஊரெல்லாம் காட்டலாம். அரிசி மூட்டையில எடை, விலை, தேதின்னு எல்லாம் அச்சடிக்கணும்னு கட்டாயம் இருக்கிற நாட்டுல, லட்சக்கணக்குல காசு கொடுத்து வாங்கற உலோகத்தோட கிரேடை பில்லுல எழுதுன்னு சில்லறைக் கடைக்காரரைக் கேக்க ஆள் இல்லாம இருக்கறது எனக்குப் பெரிய ஆதங்கம். எஸ்.எஸ் தகடுக்கு ஐஎஸ் 6911னு தரநிலை இருக்கு, அது ஃபேக்டரி வாசல் வரைக்கும் நல்லாத்தான் இருக்கு, பட்டறையில வந்து பைப்பைத் தொட்டுப் பாக்கற அதிகாரி யாரு?

நிக்கல் 1 சதவீதம்னு ரிப்போர்ட் வந்தா ரிப்போர்ட்டோட காப்பியை முதல்ல கேட்காரருக்கே அனுப்புங்க, நிறைய பேர் அங்கயே இறங்கி வந்துடுவாங்க. வரலன்னா 1915க்கு போன் பண்ணி தேசிய நுகர்வோர் உதவி மையத்துல பதிவு பண்ணுங்க, அதுலயும் ஆகலன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்க கொடுத்த தொகை 5 லட்சம் வரைக்கும்னா கட்டணம் கிடையாது, ரெண்டு வருஷத்துக்குள்ள போகணும், அதைத் தள்ளிப் போடாதீங்க. பொருளை லேபுக்கு அனுப்பிச் சோதிக்கச் சொல்லவும் 2019 சட்டத்துல வழி இருக்கு. சோதனை தேவையில்லாத வழக்கு 3 மாசத்துல, தேவைப்படற வழக்கு 5 மாசத்துல முடிக்க முயற்சி பண்ணணும்னும் எழுதியிருக்கு. அந்த வேகத்துல நடந்தா நல்லா இருக்கும், வாய்தா வாய்தாவா அலையறவங்க என்கிட்ட வந்து புலம்பறப்ப எனக்கே கோபம் வருது.

மாமனார் சொன்னதையும் ஒரேயடியா தள்ள வேண்டாம். எம்.எஸ் அடிச்சு பெயிண்ட் மட்டும் பூசினா அந்த இடத்துல ஒண்ணு ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா சுரண்டிச் சுரண்டிப் பூசணும். ஆனா கேட்டை முழுசா வெல்ட் பண்ணி முடிச்சதுக்கு அப்புறம் அப்படியே துத்தநாகத் தொட்டியில முக்கி எடுக்கிற ஹாட் டிப் கால்வனைசிங் பண்ணி, அதுக்கு மேல பெயிண்ட் அடிச்சா நிறைய வருஷம் தாங்கும், 316ஐ விட செலவும் கம்மி. ஏற்கெனவே துத்தநாகம் பூசின ஜி.ஐ பைப்பை வாங்கி வந்து வெல்ட் பண்றது இதுக்கு ஈடாகாது, வெல்டிங் வச்ச இடத்துல துத்தநாகம் எரிஞ்சு போயிடும். அலுமினியம்னா ஜன்னலுக்கு வர்ற 6063ங்கற ரகம் பவுடர் கோட்டிங்கோட நல்லாவே தாங்கும், கேட்டுக்கு நான் சொல்ல மாட்டேன், ஒரு தடவை வண்டி இடிச்சா வளைஞ்சுடும்.

கடைசியா, எதை மாத்தணும்ங்கறது. 304னு உறுதியாச்சுன்னா எதையும் மாத்த வேண்டாம், அந்த டீ நிறக் கறை பெரும்பாலும் மேலோட்டமானது, பலத்தைக் குறைக்காது. ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணியில 100 கிராம் சிட்ரிக் ஆசிட், மளிகைக் கடையில எலுமிச்சை உப்புன்னு கேட்டாலே கொடுப்பாங்க, கரைச்சு துணியில நனைச்சு கறை மேல அரை மணி நேரம் சுத்தி வைங்க, பாலிஷ் கோடு போற திசையிலயே பச்சை ஸ்கிரப்பரால தேய்ச்சு நிறைய தண்ணி விட்டுக் கழுவி துடைங்க. இரும்புக் கம்பி நார் கிட்டயே கொண்டு போகாதீங்க. வெல்டிங் நிறத்தை எடுக்கிற பிக்லிங் பேஸ்ட்டை மட்டும் வீட்டுல தொடவே தொடாதீங்க, அதுல ஹைட்ரோஃப்ளூரிக் ஆசிட் இருக்கு, தோல் வழியா உள்ள போற விஷம், பழகின ஆளுங்க கையுறை, கண்ணாடி போட்டுக்கிட்டுப் பண்ற வேலை. அப்புறம் மாசம் ஒரு தடவை நல்ல தண்ணியில கழுவுங்க, முக்கியமா மழை படாத அடிப்பக்கத்தை, உங்க கைப்பிடியில கறை அடியில இருக்கறதுக்குக் காரணமே மழை அந்த உப்பைக் கழுவாததுதான். போர் தண்ணி உப்பா இருந்தா அதுல கழுவாதீங்க, மெட்ரோ வாட்டரோ, பிடிச்சு வச்ச மழைத் தண்ணியோ போதும். 316 போட்டாலும் இந்தக் கழுவல் வேணும்.

202ஓ ஜே4ஓன்னு வந்தா, வீட்டுக்குள்ள இருக்கிற கைப்பிடியை அப்படியே விடுங்க. வெளிய இருக்கிற பால்கனி கிரில்லை முதல்ல மாத்துங்க, குழந்தைங்க சாயற இடம், மெல்லிசான கம்பி, கம்பத்தோட அடி அரிச்சா வெளிய தெரியவே தெரியாது. கேட் அடுத்த வருஷம் வரைக்கும் காத்திருக்கலாம், அதோட கீலையும் போல்ட்டையும் மட்டும் இப்பவே 316ல மாத்திடுங்க.